வரமும் விவேகமும்

பஸ்மாசுரன் கடுந்தவம் புரிந்தான். தவத்திற்கு இரங்கிய சிவபெருமான் அவன்முன் தோன்றி, வேண்டும் வரத்தைக் கேட்குமாறு பணித்தார். தான் எவர் தலைமீது கை வைத்தாலும் அவர் சாம்பலாகிவிட வேண்டும் என்று கேட்டான்; பெற்றான். பெற்ற மறுகணமே, வரமளித்தவரின் தலையிலேயே அதைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தான். இறுதியில் மோகினியின் ஆடலில் மயங்கி, அவள் செய்தவாறே தானும் செய்து, தன் கையைத் தன் தலையில் வைத்து நீறானான்.

இக்கதையில் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்று உண்டு. அவனுடைய தவத்தில் குறையில்லை. கேட்டது கேட்டபடியே கிடைத்தது. கேட்டவனின் உள்ளம் மட்டும் தூய்மை பெறவில்லை. ஆற்றல் வளர்ந்த அளவிற்கு விவேகம் வளரவில்லை.

அச்சம் எழுந்த விதம்

செயற்கை நுண்ணறிவைக் குறித்து இன்று உலகெங்கும் எழுந்துள்ள அச்சம் ஏறக்குறைய இதே வகையைச் சேர்ந்தது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி பொதுமக்களின் பயன்பாட்டுக்கு வந்தது. நான்கே மாதங்களில், அதனினும் வலிமை மிக்க கருவிகளைப் பயிற்றுவிப்பதை ஆறு மாதங்களேனும் நிறுத்தி வைக்குமாறு அறிஞர் பலர் கையொப்பமிட்டு வேண்டினர். 2023 மே மாதத்தில், இத்துறைக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவரான ஜெஃப்ரி ஹிண்டன், அதன் ஆபத்துகளைத் தயக்கமின்றி எடுத்துரைக்கும் பொருட்டு கூகுள் நிறுவனத்தை விட்டு விலகினார். 2024-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட பின்னரும் அவர் தம் எச்சரிக்கையைக் கைவிடவில்லை. 2023 நவம்பரில் இங்கிலாந்தின் பிளெட்ச்லி பூங்காவில் கூடிய மாநாட்டில் இந்தியா உள்ளிட்ட 28 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் இவ்வபாயத்தைக் கூட்டாக எதிர்கொள்ள வேண்டும் என்று ஒப்புக்கொண்டன.

எளிய மக்களின் அச்சமோ இன்னும் அருகில் இருக்கிறது. கற்ற தொழில் கைவிட்டுப் போகுமோ என்று இளைஞன் கலங்குகிறான். தொலைபேசியில் அழுதுகொண்டே பணம் கேட்பது மகனின் குரல்தானா, குரலைப் படியெடுத்த வஞ்சகமா என்று தாய் திகைக்கிறாள். கண்ணால் கண்ட காட்சியையும் நம்ப இயலாத காலம் வந்துவிட்டது. இந்த அச்சங்களை வீண் என்று ஒதுக்கிவிட முடியாது.

இயந்திரம் கேட்டதைச் செய்யும். கேட்டவன் உண்மையில் விரும்பியது என்ன என்பதை அறியாமலும் செய்துவிடக்கூடும். ஆகவே, இயந்திரத்திற்குக் கொடுக்கும் நோக்கம் தாம் மெய்யாகவே விரும்பும் நோக்கம்தானா என்பதில் மனிதர் உறுதியாக இருக்க வேண்டும் என்று கணித அறிஞர் நார்பர்ட் வீனர் 1960-ஆம் ஆண்டிலேயே எச்சரித்தார். வரம் கேட்பவனுக்குப் புராணங்கள் உணர்த்தும் பாடமும் இதுவே.

அறிவு வேறு, அறிபவன் வேறு

மனிதனைவிட வேகமாகக் கணக்கிடும், எழுதும், வாதிடும் கருவி வந்துவிட்டால் மனிதனுக்கென்று எஞ்சுவது யாது? இக்கேள்வி பலரை உள்ளூர வருத்துகிறது. தன்னைப் புத்தியாகவே கருதுபவனுக்கு இது பெரும் அடிதான். கீதையின் ஏழாம் அத்தியாயத்தில் பகவான் தம் கீழான இயற்கையை எட்டாகப் பகுக்கிறார். நிலம், நீர், தீ, காற்று, ஆகாயம் ஆகியவற்றோடு மனத்தையும் புத்தியையும் அகங்காரத்தையும் அதே வரிசையில் வைக்கிறார். புத்தியும் பிரகிருதியே. அதனை ஒளிரச் செய்யும் சைதன்யமே மேலானது. ஆகவே, சடப்பொருள் புத்தியின் தொழிலைச் செய்வது கண்டு வேதாந்தி நிலைகுலைவதில்லை.

எனினும், சடமாயிற்றே என்று அலட்சியமாக இருத்தலும் தகாது. நெருப்பும் சடமே, அது வீட்டை எரிக்காதா? மேலும், இக்கருவிகள் மனிதர் எழுதிக் குவித்தவற்றிலிருந்தே கற்றவை. மனிதரின் நல்லறிவோடு அவர்தம் காமக் குரோதங்களின் சாயலும் அவற்றில் படிந்திருக்கிறது. கண்ணாடியைத் துடைப்பதோடு, முகத்தையும் கழுவ வேண்டியிருக்கிறது.

அபயம் என்னும் செல்வம்

பதினாறாம் அத்தியாயத்தில் பகவான் தெய்விகக் குணங்களை அடுக்கும்போது முதலில் கூறுவது அபயம். அடுத்துக் கூறுவது உள்ளத்தூய்மை. இவ்விரண்டும் அருகருகே நிற்பது எண்ணத்தக்கது. தூய்மையற்ற துணிவு பஸ்மாசுரனின் துணிவாகவே முடியும்.

அதே பட்டியலில் ஸ்வாத்யாயம், சத்தியம், உயிர்களிடத்து இரக்கம் என்பவையும் உள்ளன. இக்காலச் சாதகனுக்கு இவை மூன்றும் நேரடியான கட்டளைகள். தானே கற்றுத் தானே சிந்திக்கும் பழக்கத்தைக் கருவியிடம் ஒப்படைத்துவிடாதிருத்தல் ஸ்வாத்யாயம். மெய்யென்று தெளியாத படத்தையும் செய்தியையும் ஒருவருக்கும் அனுப்பாதிருத்தல் சத்தியம். இயந்திரத்தால் வேலையிழந்த அண்டை வீட்டாரின் துயரைத் தன் துயராகக் கருதித் துணை நிற்றல் இரக்கம். அரசுகள் சட்டம் இயற்றட்டும்; அது தேவையே. சட்டம் கையைக் கட்டலாம். அந்தக் கையை எங்கே வைப்பது என்று உள்ளிருந்து கூறுவது விவேகம் ஒன்றே.

வரம் வந்துவிட்டது. அதைத் திருப்பித் தருவது இனி எளிதன்று. வரத்திற்குத் தகுதியான உள்ளத்தை வேண்டி நாள்தோறும் இறைவன் திருமுன் அமர்வதே இப்போது செய்யத்தக்க தவம்.