சாயும் சுவரை நிமிர்த்துவோம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்



இன்று வெள்ளிக்கிழமை. நம்மில் பலர் கஹ்ஃப் அத்தியாயத்தை ஓதியிருப்போம். அதில் ஒரு சுவரைப் பற்றி அல்லாஹ் சொல்லிக் காட்டுகிறான்.

மூஸா (அலை) அவர்களும் ஹிழ்ர் (அலை) அவர்களும் ஓர் ஊருக்கு வருகிறார்கள். பசியோடு உணவு கேட்கிறார்கள். அவ்வூரார் கொடுக்க மறுக்கிறார்கள். அதே ஊரில் ஒரு சுவர் விழும் நிலையில் நிற்கிறது. ஹிழ்ர் (அலை) அதை நிமிர்த்தி வைக்கிறார்கள். இதற்குக் கூலி வாங்கியிருக்கலாமே என்று மூஸா (அலை) கேட்கிறார்கள் (18:77). காரணம் பிறகுதான் தெரிகிறது. அந்தச் சுவர் இரண்டு அநாதைச் சிறுவர்களுடையது. அதன் அடியில் அவர்களுக்குரிய புதையல் இருந்தது. அவர்களின் தந்தை நல்லவராக இருந்தார் (18:82).

சிந்தித்துப் பாருங்கள். அநாதைகளின் சுவரைக் கூலியில்லாமல் சரிசெய்த ஒரு வேலையை, மறுமை நாள் வரை ஓதப்படும் வேதத்தில் அல்லாஹ் இடம்பெறச் செய்துவிட்டான்.

நம்மைச் சுற்றியுள்ள சுவர்கள்

சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டை என்று நம் பகுதியில் எந்தத் தெருவுக்குள் போனாலும், பட்டாசு ஆலையிலும் தீப்பெட்டி ஆபீஸிலும் முப்பது நாற்பது வருடம் உழைத்து ஓய்ந்தவர்களைப் பார்க்கலாம். அந்தக் கூலியில் மிச்சம் பிடித்துக் கட்டிய ஓட்டு வீடு, அல்லது என்றோ அரசு கொடுத்த தொகுப்பு வீடு. இன்று ஓடு சரிந்திருக்கிறது. கூரையில் கம்பி துருப்பிடித்து, காரை பெயர்ந்து விழுகிறது. ஐப்பசி மழை பிடித்தால் பாத்திரத்தை ஒழுகலுக்கு வைத்துவிட்டு மூலையில் உட்கார்ந்து விடிய விடிய விழித்திருக்கிறார்கள்.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்திலும் நடந்த வெடிவிபத்துகளை நாம் மறக்கவில்லை. சம்பாதிக்கும் பிள்ளையை இப்படிப்பட்ட விபத்துகளில் பறிகொடுத்துத் தனியாகிப்போன தாய்மார்களும் நம் பகுதியில் இருக்கிறார்கள். முதியோர் உதவித்தொகை 2023ல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஒரு கொத்தனாருக்கும் ஒரு சித்தாளுக்கும் ஒரு நாள் கூலி கொடுக்கவே அது போதாது. பிறகு சிமெண்ட் எங்கே, மணல் எங்கே?

சொந்த வீடு இருந்தால் ஏழை இல்லையா?

"அவருக்கென்ன, சொந்த வீடு இருக்கிறதே" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அதே கஹ்ஃப் அத்தியாயத்தில் ஒரு கப்பல் வருகிறது. அதற்கு உரிமையாளர்கள் இருந்தார்கள். ஆனாலும் கடலில் உழைத்துப் பிழைத்த அவர்களை அல்லாஹ் ஏழைகள் என்றே குறிப்பிடுகிறான் (18:79). கப்பல் வைத்திருந்தவர்களே ஏழைகள் என்றால், ஒழுகும் வீட்டை வைத்திருப்பவர் யார்? குடியிருக்க ஒரு வீடு இருப்பதாலேயே ஒருவர் ஜகாத் பெறும் தகுதியை இழந்துவிடுவதில்லை.

ஜமாஅத் என்ன செய்யலாம்?

மழைக்கு முன்பே மஹல்லாவில் தனியாக வாழும் முதியவர்களின் வீடுகளைப் போய்ப் பாருங்கள். அவர்கள் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். ஹிழ்ர் (அலை) அவர்களிடமும் யாரும் கேட்கவில்லை.

மொட்டைமாடியில் தண்ணீர் போகும் குழாய் அடைத்திருக்கிறதா? கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா? இதையெல்லாம் நம் இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சரிசெய்துவிடலாம். கழிவறையில் பிடித்து எழுந்திருக்க ஒரு கம்பி வைத்துக் கொடுத்தால், ஒரு பெரியவர் விழுந்து இடுப்பு எலும்பு முறியாமல் தப்பிப்பார். துருப்பிடித்த கூரையையும் பழைய மின்கம்பியையும் மட்டும் தெரிந்த கொத்தனாரையும் எலக்ட்ரீஷியனையும் வைத்தே பாருங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் மாற்று மதத்தவராக இருந்தாலும் அவருக்கும் செய்யுங்கள். சோறு போட மறுத்த ஊரில்தான் அந்தச் சுவர் நிமிர்த்தப்பட்டது.

2000-01க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டப்பட்ட கிராமப்புற வீடுகளைப் பழுதுபார்க்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2024ல் அறிவித்தது. படித்த பிள்ளைகள் பெரியவர்களை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு அழைத்துப்போய், இப்போது என்ன உதவி கிடைக்கும் என்று விசாரித்து, விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். அதுவும் தர்மம்தான்.

சுவருக்கு அடியில் இருந்தது

சுவர் எதற்காக நிமிர்த்தப்பட்டது? உரியவருக்கு உரியது போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. எனவே பெரியவர்களே, உங்களிடமும் ஒரு வேலை இருக்கிறது.

பட்டா யார் பெயரில் இருக்கிறது? உதவி கேட்டுப் போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். இறந்துபோன கணவர் பெயரிலேயே இருந்தால், இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வாங்கி இப்போதே மாற்றுங்கள். பத்திரம், வரி ரசீது எல்லாவற்றையும் ஒரே பையில் வைத்து, நம்பிக்கையான ஒருவரிடம் இடத்தைச் சொல்லி வையுங்கள். கடன் இருந்தால் எழுதி வையுங்கள். வஸிய்யத் செய்ய ஏதாவது இருப்பவர் அதை எழுதிவைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிக்கக் கூடாது என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல் (புகாரி, முஸ்லிம்). வாரிசுகளுக்கு வஸிய்யத் இல்லை. மற்றவர்களுக்கும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இல்லை.

பார்த்துக்கொள்வான் என்று நம்பி ஒரே மகனுக்கு முழு வீட்டையும் எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு திண்ணைக்கு வந்தவர்கள் உண்டு. பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் கொடுத்த அன்பளிப்புக்குச் சாட்சியாக இருக்க நபி (ஸல்) அவர்கள் மறுத்தார்கள் (புகாரி, முஸ்லிம்). எழுதும் முன் ஆலிமிடமும் வழக்கறிஞரிடமும் கேளுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007ல் வந்தது. தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, வாங்கியவர் கைவிட்டால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரித் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்க அதன் 23வது பிரிவு வழிசெய்கிறது.

பிள்ளைகளே, பெற்றோரை அந்த மனு வரைக்கும் போக வைக்காதீர்கள். முதுமையில் அவர்களிடம் சலிப்பான ஒரு சொல்லைக்கூட அல்லாஹ் தடுத்திருக்கிறான் (17:23). வீட்டை எழுதி வாங்கும் அவசரத்தை, ஒழுகும் கூரையை அடைப்பதில் காட்டுங்கள்.

ஓதிய அத்தியாயம் உதட்டோடு நின்றுவிட வேண்டாம். வீடு திரும்பும் வழியில் சாய்ந்து நிற்கும் ஒரு சுவரையாவது இன்று பாருங்கள்.

நலிந்தவர்களின் இல்லங்களைத் தாங்கும் கைகளாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! நம் முதுமையைக் கண்ணியமானதாக ஆக்குவானாக! ஆமீன்.