கவிழ்ந்த காரை யார் தூக்குவது?

விதிக்குப் பயந்து செய்கிற உதவியை அறம் என்று சொல்லலாமா? பழைய கேள்விதான். கான்ட் 1785-ல் வெளியிட்ட அறவியல் நூலில் ஒரு கடைக்காரரைக் காட்டுகிறார். விவரம் தெரியாதவர் வந்தாலும் அவர் சரியான விலையே சொல்கிறார். பெயர் கெட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்பதுதான் காரணம். செயல் சரி, ஆனால் அதற்கு அறமதிப்பு இல்லை என்பது கான்ட்டின் தீர்ப்பு. அது பாதிதான் சரி என்று நினைக்கிறேன். அதை உரசிப் பார்க்க ரேடியோவால் இயங்கும் டூரிங் கார்களின் பந்தயத் தடம் ஒன்று போதும்.

அந்தக் கார்களைப் பொம்மை என்று ஒதுக்குவது எளிது. நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு, அகலம் 19 சென்டிமீட்டர், எடை ஒன்றேகால் கிலோவுக்குச் சற்று மேல். ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து டமியா நிறுவனம் 1976-ல் போர்ஷே 934 உருவில் தன் முதல் ரேடியோ காரை விற்றதிலிருந்து இந்தப் பொழுதுபோக்கு வெகுதூரம் வந்துவிட்டது. இன்று போட்டிக்கென்று வாங்குபவர் கைக்குக் கார் வருவதில்லை. பை பையாகத் திருகுகளும் பேரிங்குகளும் கார்பன் தகடுகளும்தான் வரும். மோட்டார், பேட்டரி, டயர், மேல்கூடு எல்லாவற்றுக்கும் தனித்தனியே காசு. பூட்டி முடித்த பிறகு ஷாக்குகளில் சிலிகான் ஆயிலை ஊற்றி, பிஸ்டனை மெதுவாக ஏற்றி இறக்கி, காற்றுக்குமிழ் ஒன்றுகூட மிஞ்சாமல் வெளியேற்ற வேண்டும். சேசிஸுக்கும் தரைக்கும் நடுவே ஐந்து மில்லிமீட்டர் போலத்தான் இடைவெளி. அரை மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் கார் திரும்பும் விதம் மாறும். இத்தனை பாடும் ஐந்து நிமிட ஓட்டத்துக்காக. இப்படிப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த ஒன்றின் மேல் பற்று வராது என்று யாராவது சொன்னால், அவர் இதைத் தொட்டதில்லை என்று பொருள்.

ஐந்து நிமிடம் முடிகிறது. கார் எங்காவது மோதி சஸ்பென்ஷன் ஆர்ம் ஒடிந்திருக்கலாம். மேசைக்கு ஓடி அதைக் கழற்ற வேண்டும், பேட்டரியை சார்ஜில் போட வேண்டும். ஆனால் விதி ஓட்டுநரை அங்கே போக விடாது. அடுத்த குழுவின் ஓட்டம், அதாவது அடுத்த ஹீட், முடியும்வரை தடத்தின் ஓரத்தில் மார்ஷலாக நின்று, கவிழும் கார்களை நிமிர்த்த வேண்டும். வராமல் போனால் அவருடைய நல்ல ஓட்டம் ஒன்றை ரத்து செய்வது வழக்கம். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தகுதிச் சுற்றில் எல்லா ஹீட்டுகளின் நேரமும் ஒரே பட்டியலுக்குப் போகிறது. காலடியில் சக்கரம் சுழல மல்லாந்து கிடக்கும் கார், இறுதிப் போட்டிகளில் முதலாவதிலிருந்து அவரையே கீழே தள்ளப்போகும் காராக இருக்கலாம். காரிலுள்ள நேரங்காட்டும் டிரான்ஸ்பாண்டர் ஆயிரத்தில் ஒரு விநாடிவரை கணக்கு வைக்கும் பந்தயத்தில், மார்ஷல் இரண்டு விநாடி தயங்கினால் போதும், அந்த ஓட்டம் வீண்.

அந்த இரண்டு விநாடியை எந்த விதியாலும் பிடிக்க முடியாது. வராதவரைத் தண்டிக்கலாம், மெதுவாகக் குனிந்தவரை என்ன செய்வது? பின்னால் வேறு கார் வருகிறதா என்று பார்த்தேன் என்பார், அப்படிப் பார்ப்பதும் முறைதான். வேகமான வகைக் கார்கள் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டும், கணுக்காலில் பட்டால் தெரியும். ஆக, விதி ஓட்டுநரின் காலைத்தான் தடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. அவர் கை எவ்வளவு விரைவாக நீள்கிறது, காரின் மூக்கைச் சரியான திசைக்குத் திருப்பி வைக்கிறதா என்பதெல்லாம் அதற்கு அப்பால். கான்ட் பார்த்த கடைக்காரரிடம் விலை ஒன்றுதான் செயல், அதனால் பயம் அதை முழுக்க ஆள முடிந்தது. இங்கே ஒரே செயலுக்குள் கட்டாயமும் விருப்பமும் ஒன்றையடுத்து ஒன்று வருகின்றன. கட்டாயம் இல்லையென்றால் அந்த விருப்பத்துக்கு வாய்ப்பே வந்திருக்காது.

இது வெறும் கொடுக்கல் வாங்கல், இன்று நான் உன் காரைத் தூக்கினால் நாளை நீ என் காரைத் தூக்குவாய் என்பதுதானே என்று கேட்கலாம். கணக்கு அப்படி நேராகத் திரும்புவதில்லை. முதல் ஹீட் இரண்டாவதற்கு நிற்கிறது, இரண்டாவது மூன்றாவதற்கு. கடைசி ஹீட் முதலாவதற்கு. எனக்கு உதவியவருக்கு நான் உதவுவதில்லை, எனக்குப் பின்னால் வருபவருக்கு உதவுகிறேன். பெற்றோரிடம் பட்ட கடனைப் பிள்ளைகளிடம் அடைப்பது போன்ற ஏற்பாடு இது. திருக்குறளில் ஈகைக்கு முந்தைய அதிகாரமாக ஒப்புரவறிதல் நிற்பது இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. கடமையையும் கைம்மாறு கருதாமையையும் எதிரெதிராக வைக்காமல் வள்ளுவர் அங்கே ஒன்றாகவே பேசுகிறார். கான்ட்டிடம் அந்தத் தளர்ச்சி இல்லை.

சம்பளத்துக்கு நடுநிலையான ஆட்களை நிறுத்தினால் இன்னும் நியாயமாக இருக்குமே என்பது இதைவிட வலுவான மறுப்பு. இருக்கும்தான். சோர்ந்துபோய் வேறெங்கோ பார்த்தபடி நிற்கும் மார்ஷலால் கெட்ட ஓட்டங்கள் உண்டு, இந்த முறையில் அந்த ஓட்டை அடைபடாது. நியாயம் ஒன்றே குறி என்றால் ஆள் வைத்துவிடலாம். ஆனால் போட்டியாளனுக்கு உதவிப் பழகும் வாய்ப்பும் அந்தச் சம்பளத்தோடு சேர்ந்து போய்விடும்.

கட உபநிடதம் உடலைத் தேராகவும் ஆன்மாவை அதில் அமர்ந்திருப்பவனாகவும் சொல்கிறது. நிஜக் கார் பந்தயத்தில் ஓட்டுநர் அப்படித்தான் தேருக்குள் கட்டுண்டு கிடக்கிறார். இறங்கி வந்து அடுத்தவர் காரை நிமிர்த்த அவரால் ஆகாது. இங்கே தேர் கீழே ஓடுகிறது, ஓட்டுபவர் மேடைமேல் நிற்கிறார். தேர் நின்றதும் கை இரண்டும் அவருக்குத் திரும்பக் கிடைத்துவிடுகின்றன. பொம்மை என்பதால்தான் இது முடிகிறது. மேடையில் நிற்பவரின் கண்ணோ காரைவிட்டு அகலாது. அது நிமிர்ந்ததா, மறுபடி ஓடுகிறதா என்றுதான் பார்க்கும். தூக்கியவர் யார் என்று பெரும்பாலும் கவனித்திருக்க மாட்டார்.