சால்வையை ஏன் வைத்திருந்தாள்?

"சொல்லியிருந்தா அங்க வாழ விட்டிருப்பாங்களாடி?"

அம்மா இதைக் கேட்டது என் தங்கை மகளிடம். தொலைக்காட்சியில் ஃப்ரோசன் படத்தின் இரண்டாம் பாகம் தமிழில் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா படம் பார்க்கவில்லை, பூ கட்டிக்கொண்டிருந்தாள். கதாநாயகி எல்சாவின் தாய் இடுனா காட்டில் வாழும் நார்துல்ட்ரா இனத்தில் பிறந்தவள் என்று தெரியவரும் இடத்தில், "ஏன் பாட்டி, அவங்க அம்மா இத சொல்லவே இல்ல?" என்றாள் குழந்தை. யோசிக்கக்கூட நேரம் எடுக்காமல் அம்மாவிடமிருந்து வந்தது அந்தப் பதில். பிறகு அடுத்த கண்ணிக்கு மல்லிகையை எடுத்துக்கொண்டாள். குழந்தையும் படத்துக்குள் போய்விட்டாள். எனக்குத்தான் அந்தக் கேள்வியை விட்டு நகர முடியவில்லை.

2013-இல் வந்த முதல் படத்தில் எல்சாவின் கைகளில் ஏன் பனி பிறக்கிறது என்பதற்குக் காரணமே கிடையாது. இது பிறவியா, சாபமா என்று கேட்கப்படும்போது, பிறவி என்கிறார் தந்தை. அதோடு முடிந்தது. பெற்றோர் இருவரும் கப்பல் மூழ்கி இறந்துபோவார்கள். 2019-இல் வந்த இரண்டாவது படம் அந்தக் காரணத்தைத் தேடிப் போகிறது. அரெண்டெல் நாட்டாருக்கும் காட்டு மக்களுக்கும் சண்டை மூண்ட நாளில், அடிபட்டு விழுந்த எதிரி இளவரசனை ஒரு சிறுமி காப்பாற்றி வெளியே கொண்டுவருகிறாள். காட்டை மூடுபனி சூழ்ந்து அடைத்துவிட, அவளால் திரும்பிப் போக முடியவில்லை. அந்த இளவரசனையே பின்னாளில் மணந்து ராணியாகிறாள். அவள்தான் இடுனா. எல்சாவின் ஆற்றல், அன்று அவள் செய்த செயலுக்கு இயற்கை தந்த கொடை.

இரண்டு படங்களுக்கும் இடையே ஆறு வருடங்கள். அந்த ஆறு வருடமும் ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. கப்பல் எங்கே போய்க்கொண்டிருந்தது, பெற்றோர் உண்மையிலேயே இறந்தார்களா என்று கதை கட்டினார்கள். அவர்கள் ஆப்பிரிக்கக் கரையில் ஒதுங்கி, அங்கே பெற்ற பிள்ளைதான் டார்ஜான் என்றுகூட ஒரு கதை உலவியது. 1999-இன் டார்ஜான் படத்தையும் ஃப்ரோசனையும் இயக்கியவர்களில் கிறிஸ் பக் பொதுவானவர். அவரே அந்தக் கதைக்கு விளையாட்டாக உயிர் கொடுத்தவர். இரண்டாம் பாகம் உடைந்த கப்பலை வடக்குக் கடலோரம் கொண்டுவந்து காட்டியது. மகளின் ஆற்றலுக்கு விடை தேடி அஹ்தோஹாலன் என்ற பனித்தீவுக்குப் போகும் வழியில்தான் அவர்கள் இறந்தார்கள் என்று தெரிந்தது.

நெகிழ்ந்துபோனவர்கள் நிறைய. அம்மா பாடிய தாலாட்டு, கப்பல், காட்டிலிருந்து எல்சாவை அழைக்கும் குரல் எல்லாம் ஓரிடத்தில் வந்து சேர்ந்ததில் அவர்களுக்கு நிறைவு. மனம் கசந்தவர்களும் உண்டு. காரணமே இல்லாமல் வித்தியாசமாகப் பிறந்த பெண்ணாக இருந்ததால்தான் எல்சா எங்களுடையவளாக இருந்தாள், இப்போது அவளை ஒரு நற்செயலின் பரிசாக்கிவிட்டீர்களே என்றார்கள் அவர்கள். இந்த மனக்குறை எனக்கு முழுதாகப் புரிகிறது. வீட்டில் யாரைப் போலவும் இல்லாத பிள்ளைக்கு, யாரைப் போலவும் இல்லாத ஒரு கதாநாயகி கிடைத்திருந்தாள். அவளுக்கும் ஒரு குலமும் கோத்திரமும் கண்டுபிடித்துத் தந்தால் அந்தப் பிள்ளை மறுபடி தனியாகிவிடாதா?

ஆனால் இரு தரப்பும் பேசியது எல்சாவைப் பற்றித்தான். எல்சாவுக்கு இது நியாயமா, எல்சாவுக்கு இது தேவையா என்றுதான். அந்தச் சால்வையைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று எனக்கு இருந்தது.

அரக்கு நிறச் சால்வை அது. இடுனாவுடையது. பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் இரவில் அது அந்த அறையிலேயே இருக்கிறது. அவள் போன பிறகு மகள்கள் அதைப் போர்த்திக்கொள்கிறார்கள். தன் தந்தையைக் காப்பாற்றிய சிறுமி யார் என்பதை எல்சா கண்டுகொள்வது அதை வைத்துத்தான். பிறகு காட்டுப் பெண்ணொருத்தி அதன் நெசவைப் பார்த்து, எங்கள் பழைய குடும்பங்களில் ஒன்றுடையது இது என்கிறாள். காற்று, நெருப்பு, நீர், நிலம் என்று நான்கு ஆவிகளின் குறிகளும் அதில் நெய்யப்பட்டிருக்கின்றன. அதாவது எல்லாமே அதில் இருந்தது. இத்தனை வருடமும் அரண்மனைக்குள், எல்லோர் கண்ணெதிரிலும் இருந்தது. யாருக்கும் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மறைக்க நினைத்தவள் அதை ஏன் வைத்திருந்தாள்? எரித்திருக்கலாம். அடுப்பில் போட அரை நிமிடம் போதும். அதை வைத்துக்கொண்டதோடு, தன் குழந்தைகளின் கண்ணெதிரிலேயே வைத்தாள்.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு பித்தளைத் தூக்கு இருந்தது. இப்போதும் இருக்கிறது. மூடியில் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருக்கும். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லாத ஒரு பெண்ணின் பேர் அது. மற்ற பாத்திரங்களில் எல்லாம் தாத்தா பேரோ அப்பா பேரோ இருக்க, இதில் மட்டும் இந்தப் பேர். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிய வயதில் அதைப் படித்துவிட்டு அம்மாவிடம் கேட்டேன். "பழசு" என்றாள். பிறகொரு முறை கேட்டபோதும் "பழசு" என்றாள். ஆனால் அதைப் புளி போட்டுத் தேய்க்காமல் ஒரு பொங்கலும் போனதில்லை. பழையதற்குப் போட்டதில் எத்தனையோ பாத்திரங்கள் வீட்டைவிட்டுப் போயின. அது போகவில்லை. அது யாருடைய பேர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அம்மா ஒரு கார்ட்டூன் ராணிக்காக அவ்வளவு வேகமாக வாதாடிய அன்றுதான், அது வெறும் பாத்திரமாக இல்லாமலும் இருக்கலாம் என்று முதன்முதலாகத் தோன்றியது. வெறும் பாத்திரமாகவே இருக்கவும் கூடும்.

கல்லூரியில் படித்த மணிமேகலை அரைகுறையாக நினைவுக்கு வந்து, எடுத்துப் பார்த்தேன். மணிமேகலையும் கடல் கடந்து ஒரு தீவுக்குப் போகிறாள். அஹ்தோஹாலனில் எல்சாவுக்கு நடப்பதுபோல மணிபல்லவத்தில் அவளுக்குப் பழையது தெரியவருகிறது. முற்பிறப்பில் தான் யார், கணவன் யார் என்பதெல்லாம். அங்கிருந்து அமுதசுரபியோடு திரும்பிவந்து பசித்தவர்களுக்குச் சோறு போடுகிறாள். ஆனால் இம்முறை என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தத் தீவு இல்லை. அதற்கு முன்பே, தோழி வசந்தமாலையிடம் மாதவி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறாள்: மணிமேகலை கண்ணகியின் மகள், தவ வழிக்கே உரியவள் என்று. பத்து மாதம் சுமந்து பெற்றவள், மகளின் பிறப்பிலிருந்து தன் பேரைத் தானே அழித்துக்கொள்கிறாள். வகுப்பில் எங்கள் பேராசிரியர் இந்த இடத்தை வேகமாகத்தான் தாண்டிப் போனார். பரத்தையர் குலம் மகளைத் தொடரக் கூடாது என்பதற்காக ஒரு தாய் இவ்வளவு தூரம் போகலாம் என்பது அந்த வயதில் எனக்கும் எட்டவில்லை. ஊரார் மாதவியைத்தான் பழித்தார்கள். மகளுக்கு அவள் கொடுத்தது பொய்யா, வழியா?

இடுனாவின் மௌனம் வெறும் கற்பனையாக எனக்குத் தோன்றாததற்குக் காரணம் அந்த நார்துல்ட்ரா மக்களே. நார்வே, ஸ்வீடன், ஃபின்லாந்து, ரஷ்யா நான்கின் வட பகுதிகளில் வாழும் ஸாமி மக்களை வைத்துத்தான் அவர்களைப் படைத்தார்கள். 2019-இல் டிஸ்னி நிறுவனம் ஸாமி அமைப்புகளோடு ஒப்பந்தமே செய்துகொண்டது. படம் வடக்கு ஸாமி மொழியிலும் வந்தது. அந்த மக்களின் வரலாற்றில் இடுனாக்கள் பலர். ஸாமிகளை நார்வேஜியராக்குவதை அரசே கொள்கையாக வைத்திருந்த காலம் நீண்டது. வட நார்வேயின் ஃபின்மார்க்கில் அரசு நிலம் வாங்க நார்வேஜிய மொழி தெரிந்திருக்க வேண்டும் என்று 1902-இல் சட்டம் போட்டார்கள். பள்ளிகளில் பிள்ளைகளின் மொழிக்கு இடமில்லாமல் போனது. கடலோரக் கிராமங்களில் பல குடும்பங்கள் வீட்டில் மொழியை நிறுத்தின, பேரை மாற்றின, பிள்ளைகளிடம் சொல்லாமலே விட்டன. 1997-இல் நார்வே மன்னர் ஹரால்டு ஸாமி நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அந்தக் கொள்கை செய்த தீங்கை ஆராய்ந்த ஆணையம் தன் அறிக்கையைத் தந்ததோ 2023-இல்தான்.

அம்மாவுக்கு இதில் ஒன்றும் தெரியாது. ஸாமி என்ற பேரையே அவள் கேள்விப்பட்டிருக்க மாட்டாள். ஆனாலும் பதில் சரியாக வந்தது. எதிரி நாட்டு அரண்மனையில், தன் மக்களைக் கொடியவர்கள் என்றே நம்பிய ஊரில், ஒரு பெண் வாயைத் திறந்திருந்தால் வாழ விட்டிருப்பார்களா? அஹ்தோஹாலனில் எல்சா காணும் நினைவுகளில் ஒன்றில், மரக்கிளையில் தலைகீழாகத் தொங்கியபடி இளவரசனிடம் என்ன படிக்கிறாய் என்று கேட்கிறாள் சின்ன இடுனா. அவ்வளவு சுதந்திரமான சிறுமி பிறகு எத்தனை வார்த்தைகளை விழுங்கியிருப்பாள்! கணவனிடம் ஒருநாள் சொல்லிவிடுகிறாள், பிள்ளைகளிடம் சொல்லவில்லை. அந்த வருடங்களைப் படம் காட்டுவதில்லை. மகளுக்கு விடை கிடைத்ததும் தாயின் கதை முடிந்துவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்சாவும் அன்னாவும் காட்டுப் பெண்ணின் மகள்கள் மட்டும் இல்லை, ரூனியார்டின் பேத்திகளும்தான். காட்டு மக்களுக்குப் பரிசு என்று சொல்லி, அவர்கள் நிலத்தை நலிவிக்கவே அணை கட்டிய தாத்தா அவர். ஆயுதமில்லாத அவர்கள் தலைவரைப் பின்னாலிருந்து வெட்டியவர். பிறப்பைப் பற்றி இவ்வளவு ஆசையாகப் பேசிய ரசிகர்களில் பலர் தாயின் சால்வையைத்தான் எடுத்துக்கொண்டார்கள். தாத்தாவின் வாளைத் தொட்டவர்கள் குறைவு. அன்னா தொட்டாள். தன் ஊரே வெள்ளத்தில் போகும் என்று தெரிந்தும் அணையை உடைக்க முடிவெடுத்தது அவள்தான், எந்த ஆற்றலும் இல்லாத தங்கை. பிறப்பைத் தெரிந்துகொள்வதில் இந்தப் பாதியும் உண்டு என்றால், நம்மில் எத்தனை பேர் கேட்கத் துணிவோம்? மூடியிலிருக்கும் அந்தப் பேர் எந்தப் பாதியைச் சேர்ந்தது என்பதும் எனக்குத் தெரியாது. அம்மாவிடம் நான் இன்னும் கேட்கவில்லை.

நார்வேயின் ஸாமி நாடாளுமன்றம் 1989-இல் தொடங்கியது. அதற்கு வாக்களிக்கும் பட்டியலில் சேர, தன்னை ஸாமி என்று ஒருவர் உணர்வது மட்டும் போதாது. அவரோ, பெற்றோரோ, தாத்தா பாட்டியோ, அதற்கும் முந்தைய தலைமுறையில் ஒருவரோ ஸாமியை வீட்டு மொழியாகப் பேசியிருக்க வேண்டும்; இல்லையென்றால் தாயோ தந்தையோ ஏற்கெனவே அந்தப் பட்டியலில் இருந்திருக்க வேண்டும். ஆக, இன்று ஒரு பெண் தன் குடும்பத்தில் முதல் ஆளாக அந்தப் பட்டியலில் சேர வேண்டுமென்றால், கொள்ளுப்பாட்டி எதை மறைத்துத் தன் பிள்ளைகளைக் காப்பாற்றினாளோ அதையே வெளியே எடுத்துவைக்க வேண்டும். அந்தக் கொள்ளுப்பாட்டி இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? இதற்காகத்தான் சால்வையை எரிக்காமல் வைத்திருந்தேன் என்று மகிழ்ந்திருப்பாளா, அல்லது இத்தனை வருடம் நான் காத்ததை ஒரு கையெழுத்தில் அவிழ்த்துவிட்டாயே என்று வருந்தியிருப்பாளா? மகிழ்ந்திருப்பாள் என்றுதான் எனக்குச் சொல்ல ஆசை. ஆனால் அது கேட்பவளின் ஆசை. சொல்லாமல் இருந்தவளின் பக்கத்திலிருந்து யோசித்தால், எனக்கு உறுதியாக ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.