பாட்டா வாசித்த ஏடு

அய்யா துணை

பெரியவர்களை மதிக்க வேண்டும் என்று நாம் எல்லாரும் சொல்கிறோம். எப்படி மதிப்பது என்பதில்தான் தவறிவிடுகிறோம். அடியேன் தவறியதைச் சொல்கிறேன்.

என் அப்பாவைப் பெற்ற பாட்டா பனையேறி. விடியுமுன் திளாப்பை எடுத்துக்கொண்டு புறப்படுவார். காலையும் மாலையும் ஏறிப் பாளை சீவ வேண்டும். சீவாமல் விட்டால் அக்கானி நின்றுபோகும். காய்ச்சல் என்றும் மழை என்றும் வீட்டில் இருக்க முடியாது. பள்ளிக்கூடம் போனதே இல்லை. 1841-ல் எழுதப்பட்ட அகிலத்திரட்டு அம்மானை 1939-ல்தான் அச்சில் வந்தது. அச்சுப் புத்தகம் ஒன்று எங்கள் தாங்கலுக்கு வந்தபோது பாட்டாவுக்கு நாற்பது வயது. வாசிப்பில் கேட்டுக் கேட்டு மனதில் பதிந்த வரிகளைப் புத்தகத்தில் விரல் வைத்துத் தேடி, அப்படியே எழுத்துப் படித்தார். நமக்கு எழுத்து முந்தி, பாடம் பிந்தி, அவருக்குத் தலைகீழ். பல வருடம் ஆயிற்றாம். பிறகு கார்த்திகைதோறும் அவர்தான் திருஏடு வாசித்தார்.

வயது எண்பதைத் தாண்டியதும் வாசிப்பு மெதுவானது. அந்த வருடம்தான் தாங்கலுக்கு மைக் வந்திருந்தது. எனக்கு இருபது வயதிருக்கும். "பாட்டா, நீங்க இருங்க, நான் வாசிக்கேன்" என்று மரியாதையாகத்தான் சொன்னேன். முன்னால் பாய் விரித்து உட்காரவும் வைத்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு விருத்தத்தில் நான் சொல்லைத் தவறாகப் பிரித்தபோது, அவர் உதடு மட்டும் சரியாக அசைந்தது. அதைக் கண்டும் நான் நிறுத்தவில்லை. அடுத்த கார்த்திகைக்கு அவர் இல்லை.

பள்ளியறைக் கண்ணாடியில் நம் முகத்தைப் பார்த்துக் கும்பிடுகிறோம். நமக்குள் இருக்கும் அய்யா, தடுமாறி வாசிக்கும் கிழவருக்குள் இல்லாமல் போவாரா? பாய் விரித்துக் கொடுத்து ஏட்டை வாங்கிக்கொண்டது மரியாதைதானா? முடியாதவரை வேலை செய்யவிடுவதும் பாவம்தான். ஆனால் முடியவில்லை என்று முடிவுசெய்ய நான் யார்? பாட்டா சொல்லவில்லையே.

இப்போது எங்கள் தாங்கலில் ஒரு பெரியம்மை ஞாயிறுதோறும் முற்றம் பெருக்குகிறார்கள். அரைமணி நேரம் ஆகும். "பாவம், அவங்கள இருக்கச் சொல்லுங்க மாமா" என்கிறார்கள் பிள்ளைகள். அவர்களாகத் துடைப்பத்தைத் தரட்டும், அப்போது வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். சில ஞாயிறுகளில் பணிவிடை கொஞ்சம் பிந்தித்தான் தொடங்குகிறது.