கல்லாற்றுக்கு மேலே

அதிகாலை மூன்றரை. பெருமாநல்லூர் நால்ரோடு.

நிட்டிங் கம்பெனி ஒன்றில் டியூப்லைட் எரிகிறது. வட்ட மெஷின் சுற்றும் சத்தம் ரோட்டைத் தாண்டி வருகிறது. நின்றால்தான் காதுக்குத் தெரியும்.

அவிநாசி. அன்னூர். இருட்டில் ஈர மண் வாசம்.

*

மேட்டுப்பாளையம். 7:10. ரயில் அசைகிறது.

இஞ்சின் கடைசியில் இருக்கிறது. ஏறும்போது பின்னால் நின்று தள்ளும். முதல் பெட்டியின் முகப்பில் கொடியோடு ஒருவர் நிற்கிறார். அவருக்கு எதிரே மலைதான்.

*

பவானிப் பாலம்.

திருப்பூர்க் குழாய்களுக்கு இந்த ஆற்றுத் தண்ணீரும் வருகிறது.

வாய் உலர்ந்திருக்கிறது. ஒரு மிடறு. பாட்டிலின் குளிர்ச்சி உள்ளங்கையில் தங்குகிறது.

*

கல்லாறு. பாக்குத் தோப்பு. நிழல் பச்சையாக விழுகிறது.

இங்கிருந்து குன்னூர் வரை பல் தண்டவாளம். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய இரண்டு இரும்புப் பட்டைகள். ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம். எந்நேரமும் ஏதோ ஒரு பல் கவ்விக்கொண்டிருக்கும்.

ஏறக்குறைய பன்னிரண்டடி நகர்ந்தால் ஓரடி உயரம்.

கடக். கடக்.

பாதத்தில் ஏறும் இந்த அதிர்வு பழகியது. வலது கால் மெல்ல அழுத்துகிறது. ஓவர்லாக் மெஷினின் பெடல் அங்கே இல்லை.

கால் மறுபடி அழுத்துகிறது.

*

உதகை வரை 46 கிலோமீட்டர். ஏறக்குறைய ஐந்து மணி நேரம்.

ஐந்து மணி நேரத்தில் எத்தனை பீஸ் என்று மனசு கணக்குப் போடுகிறது. போடட்டும்.

ஓர் எண் வருகிறது. ஜன்னல் வழியே போகிறது.

*

குகை.

இருட்டில் பிள்ளைகள் கூவுகிறார்கள். பெட்டி முழுக்க ஒரே குரல். பிறகு வெளிச்சம். புகை. நனைந்த கல்லின் வாசம்.

இன்னொரு குகை. மொத்தம் 16. இரண்டாவதிலேயே எண்ணிக்கை நழுவிவிடுகிறது.

*

ஆடர்லி. தண்ணீர் பிடிக்க நிற்கிறது.

எல்லாச் சத்தமும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்குகிறது. சக்கரம். பல். பேச்சு.

தண்ணீர் விழும் சத்தம் மட்டும்.

அதற்கும் அடியில், காதுக்குள், மெஷின் ஓடுகிறது. ஊரில் விட்டு வந்தது என்றுதான் நினைப்பு. இங்கேயும் ஓடுகிறது. விரட்டத் தோன்றவில்லை. அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் மூச்சு.

உள்ளே. வெளியே.

ஓர் இலை விழ எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது.

*

மறுபடி கடக்.

பாறை ஜன்னலுக்கு மிக அருகில். 1899இல் குன்னூர் வரை ரயில் வந்துவிட்டது. உதகைக்கு 1908இல். அதற்கும் முன்பே யார் யாரோ இந்தப் பாறையின் முன் நின்று வெட்டியிருக்கிறார்கள். யார் பெயரும் கண்ணில் படவில்லை. பாசி படர்ந்திருக்கிறது.

கழுத்தோரம் லேபிள் வைத்துத் தைக்கும் விரல்கள் ஜன்னலுக்கு வெளியே நீளுகின்றன.

எட்டவில்லை.

*

ஹில்குரோவ். குரங்கு ஒன்று கைப்பிடியில் உட்கார்ந்து பார்க்கிறது. டீ சூடாக இருக்கிறது.

*

ரன்னிமேடு.

மஞ்சு வருகிறது. முதலில் பள்ளத்தாக்கு இல்லை. பிறகு எதிர்மரம் இல்லை. பிறகு ஜன்னல் கம்பியில் துளிகள்.

ஒன்று வழிந்து இன்னொன்றைத் தொடுகிறது.

*

குன்னூர். நீராவி இஞ்சினைக் கழற்றுகிறார்கள். டீசல் இஞ்சின் வந்து சேர்கிறது. பல் தண்டவாளம் இங்கே முடிகிறது.

ரயில் சறுக்குவதுபோல் போகிறது. கால் சும்மா இருக்கிறது.

*

வெலிங்டன். அரவங்காடு. தேயிலை. யூகலிப்டஸ் வாசம். சால்வை போதவில்லை.

*

கேத்தி.

சட்டைக் கையில் ஒரு பிசிறு. வெள்ளை நூல். ஊரிலிருந்தே ஒட்டி வந்திருக்கிறது.

விரல் அதைப் பிடிக்கிறது. காற்றில் அதன் மறுமுனை ஆடுகிறது.

லவ்டேல் வர இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது.