வெற்றி வேண்டி உடைக்கும் தேங்காய்

கரப்பந்தாட்டத்தில் களத்தில் நிற்பவர்கள் ஒரு பக்கத்துக்கு ஆறு பேர், கிரிக்கெட்டில் பதினொரு பேர். அவர்களை எதிர்பார்த்துக் கிடப்பவர்களோ நூற்றுக்கணக்கானவர்கள். மலையகத்தின் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், ஹோல்புறூக் ஆகட்டும், டொரிங்டன் ஆகட்டும், டயகம ஆகட்டும், பாடசாலைப் பிள்ளைகள் கோட்ட மட்டத்தைத் தாண்டி வலய மட்டத்து இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள் என்றால், பிரட்டுக்களத்திலும் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் அதுவே பேச்சாகிவிடும். எதிர்ப்பக்கத்தில் யார் உயரம், நம் பிள்ளைகளில் யாருக்குக் கைவேகம், அன்றைக்கு மழை விடுமா என்றெல்லாம் பேச்சு நீளும். இடையில் மாரியம்மனுக்கு ஒரு தேங்காயும் உடையும். எதிர்த் தோட்டத்திலும் மாரியம்மன் கோயில் உண்டு. அங்கேயும் ஒன்று உடையும். ஒரே தாயிடம் இரண்டு பிள்ளைகள் எதிரெதிராகக் கேட்கும் இந்த வேண்டுதலைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. தான் கை வைக்காத ஒரு செயலின் முடிவுக்காக ஒரு மனிதர் ஏங்கலாமா, அந்த ஏக்கத்தில் சாமியை இழுக்கலாமா என்ற இரண்டு கேள்விகள் அதற்குள் இருக்கின்றன. முதலாவதற்கு ஏங்கலாம் என்பேன். இரண்டாவதற்கு, வெற்றியைக் கேட்கக் கூடாது என்பேன். கேட்டால் கெடுவது அந்த ஏக்கத்தில் இருக்கிற நல்லதுதான்.

இந்த ஆட்டங்களுக்கும் சமயத்துக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதைவிட நெருக்கமானது. கூடைப்பந்தாட்டத்தை 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித், இறையியல் படித்து முடித்துவிட்டு வை.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரிக்கு வந்தவர். போதகராக நின்று சொல்வதை ஆட்டத்தின் வழியாகவும் சொல்லலாம் என்று நம்பியவர். நான்கு ஆண்டுகள் கழித்து, 1895இல், அதே சங்கத்தின் இன்னொரு உடற்பயிற்சி ஆசிரியரான வில்லியம் மோர்கன் கரப்பந்தாட்டத்தை அமைத்தார். இலங்கை தன் தேசிய விளையாட்டாக 1991இல் ஏற்றுக்கொண்டது அந்த ஆட்டத்தைத்தான். ஆகவே தேயிலை மலைக்கு நடுவே சமப்படுத்திய ஒரு துண்டு நிலத்தில் வலை கட்டி ஆடும் பிள்ளைகளும், அமெரிக்கச் சிறு கல்லூரிகளில் கூடையில் பந்து போடும் பிள்ளைகளும் ஒரே வீட்டில் பிறந்த ஆட்டங்களைத்தான் ஆடுகிறார்கள். அந்தச் சிறு கல்லூரிகளில் மிச்சிகன் மாநிலத்தின் ஹோப், கல்வின் என்ற இரண்டும் நம் கேள்விக்கு வெகு பொருத்தமானவை. இரண்டும் ஒல்லாந்தக் குடியேறிகளின் சீர்திருத்தத் திருச்சபை மரபில் வந்தவை. 1857இல் அந்தச் சபை இரண்டாகப் பிரிந்தது. ஹோப் ஒரு கிளையின் கல்லூரி, கல்வின் மற்றக் கிளையின் கல்லூரி (2019 முதல் பல்கலைக்கழகம்). இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர். அவை ஆடும் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளின் மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று புலமைப்பரிசில் கொடுக்க விதி இடம் தருவதில்லை. ஆடுகிறவனுக்குப் பணமில்லை, பார்க்கிறவருக்கு ஊரைத் தாண்டிய பெருமையில்லை. ஆனாலும் இந்த இரு கல்லூரிகளும் மோதும் நாளுக்காக அந்த ஊர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்திருக்கின்றன.

அவர்களுடைய இறையியலைக் கேட்டால் இந்தக் காத்திருப்பு இன்னும் வியப்பாகும். ஜோன் கல்வினின் மரபு, உலகில் நடப்பது எல்லாமே கடவுளின் ஆணைக்குள் முன்பே அடங்கியது என்கிறது. அப்படியானால் அன்றைய ஆட்டத்தின் கடைசிப் பந்தும் முன்பே எழுதப்பட்டதுதான். எழுதியாகிவிட்ட ஒன்றுக்காக இரண்டு ஊர்கள் ஏன் நகம் கடிக்கின்றன? நாமும் இதற்குப் புதியவர்கள் இல்லை. வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வைத்தார். தளராத முயற்சிக்கு வேறோர் அதிகாரம் வைத்தார். ஒன்றுக்காக மற்றதை விட்டுக்கொடுக்கவில்லை. எழுதியவன் அறிவான் என்பதாலேயே வாசிக்கிறவருக்கு எல்லாம் தெரிந்துவிடாது. மனிதரின் பக்கத்திலிருந்து பார்த்தால் நாளைய ஆட்டம் திறந்தே கிடக்கிறது. வெற்றி வேண்டிய தேங்காய் அந்தத் திறப்பைத்தான் மூடப் பார்க்கிறது. ஒரு பேச்சுக்கு, அம்மன் ஒரு பக்கத்தின் வேண்டுதலை ஏற்று எதிரணியின் பந்தை வலையில் சிக்க வைத்தாள் என்று கொள்வோம். அப்போது வென்றது அந்தப் பிள்ளைகளா? மாதக்கணக்கில் அவர்கள் பழகியது, விழுந்து எழுந்தது, ஒருவன் கையசைவை இன்னொருவன் பார்க்காமலே அறியும் அளவுக்கு வளர்ந்தது எல்லாம் அந்தக் கணத்தில் செல்லாக்காசாகிவிடும். வேண்டுதல் பலித்தால், எதற்காக வேண்டினோமோ அது இல்லாமல் போகிறது.

பாரதத்தில் தெய்வத்திடம் வெற்றி கேட்டவர்கள் உண்டே என்று ஒருவர் சொல்லலாம். கண்ணனிடம் துரியோதனனும் போனான், அர்ச்சுனனும் போனான். ஆனால் அங்கே ஒரு பக்கம் அறத்தின் பக்கமாக இருந்தது. போர் நடந்த நாட்களில் துரியோதனன் ஆசி கேட்டு வந்தபோது, பெற்ற தாயான காந்தாரி அவனுக்கு வெற்றியை வாழ்த்தவில்லை. அறம் இருக்கும் இடத்தில் வெற்றி இருக்கும் என்று மட்டும் சொன்னாள். தன் பிள்ளை என்பதற்காக முடிவைக் கேட்க அவள் மறுத்தாள். அறமும் மறமும் மோதிய போரிலேயே ஒரு தாய் அந்த எல்லையைக் காத்தாள் என்றால், இரண்டு பாடசாலைகள் மோதும் ஆட்டத்தில் நமக்கு என்ன நியாயம் இருக்கிறது? அங்கே அநீதியான பக்கம் என்று ஒன்று கிடையாது. டொரிங்டன் பிள்ளை தோற்க வேண்டும் என்பதற்கு ஹோல்புறூக்காரரிடம் அவன் டொரிங்டன் பிள்ளை என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. தெய்வம் சாய்வதற்கு அங்கே ஒரு பக்கமே இல்லை.

இனி வலுவான மறுப்புக்கு வருகிறேன். கீதை, செயலைச் செய், பயனில் பற்று வைக்காதே என்று போதிக்கிறது. அணியின் ஆதரவாளர் இதற்கு நேர் எதிர். செயல் துளியும் அவருடையது இல்லை, பற்று முழுவதும் பயனில். புத்தர் துன்பத்தின் வேர் என்று காட்டிய வேட்கையும் இதுவே என்று நம் அயலவர்களான பௌத்தர்கள் சேர்த்துச் சொல்லலாம். இந்த மறுப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அது ஆதரவாளரின் மனத்தைப் பாதிதான் பார்க்கிறது. பயன் ஒன்றே அவர் நாட்டமானால், முடிவு தெரிந்த பிறகு ஸ்கோரைக் கேட்டுக்கொள்வதே போதும். குளிரில், தூறலில், மூன்று நாள் முன்பிருந்தே தவிக்க வேண்டியதில்லை. இதற்கு மலையகத்திலேயே நல்ல சான்று இருக்கிறது. மாசி மாதத்தில் வளர்பிறையின் தொடக்கத்தில் காமன் கம்பம் ஊன்றி, பௌர்ணமி வரை நாள் எண்ணி, தப்பு முழங்க விடிய விடியக் காமன் கூத்துப் பார்க்கிறார்கள். சிவனின் நெற்றிக்கண்ணில் மதன் எரிவான், ரதி அழுவாள், அவன் உயிர்பெற்று வருவான் என்பது லயத்துக் குழந்தைக்கும் தெரியும். முடிவு தெரிந்தும் ஒருவரும் எழுந்து போவதில்லை. முடிவை அறிவதற்காக அவர்கள் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. ரதியாக நிற்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அழுகையில் தங்கள் அழுகையைச் சேர்க்க உட்கார்ந்திருக்கிறார்கள். ஆட்டத்துக்காகக் காத்திருப்பவரின் மனமும் இதற்கு அடுத்த வீடு. தனக்கு ஒரு சதமும் வராத ஒன்றில், தன் கைக்கு எட்டாத ஒன்றில், இன்னொரு வீட்டுப் பிள்ளையின் முயற்சிக்குத் தன் மனத்தைத் துணையாக அனுப்புகிறார். முடிவு தன் கையில் இல்லை என்பது செயல் செய்கிறவருக்குக் கற்றுக் கற்று வர வேண்டிய பாடம். காத்திருப்பவருக்கோ அது தொடக்கத்திலேயே நிலைமை. அதை ஏற்றுக்கொண்டும் அன்பை விடாமல் இருப்பதைப் பற்று என்று தள்ளிவிட என்னால் முடியாது.

எல்லா ஆதரவாளரும் இப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. புனித அகுஸ்தீன் தம் ஒப்புதல் நூலின் ஆறாம் பகுதியில் அலிப்பியுஸ் என்ற நண்பரைப் பற்றி எழுதுகிறார். ரோமாபுரியில் மனிதர் வெட்டிக்கொள்ளும் காட்சிக்கு நண்பர்கள் அவரை இழுத்துப் போனார்கள். கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர் கூட்டத்தின் கூச்சல் கேட்டுத் திறந்தார். திறந்தவர் அந்த இரத்தவெறியில் விழுந்துபோனார். கூட்டத்துக்கு அந்தச் சக்தி உண்டு. நம் மைதானங்களிலும் கல் பறந்ததும், சாதிப் பேரையும் தோட்டப் பேரையும் சேர்த்து வசை எழுந்ததும் உண்டு, மறைத்துப் பயனில்லை. ஆனால் நல்ல காத்திருப்பையும் கெட்ட காத்திருப்பையும் ஆட்டத்துக்கு முதல் நாளே பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. எதிரணியின் சிறந்த ஆட்டக்காரனுக்குக் காய்ச்சல் என்று செய்தி வருகிறது. அதைக் கேட்டு மகிழ்கிறவர் முடிவுக்காகக் காத்திருந்தவர். அவன் குணமாகி வந்து முழு பலத்தோடு ஆட வேண்டும், அவனையும் நம் பிள்ளைகள் வெல்ல வேண்டும் என்று நினைப்பவர் ஆட்டத்துக்காகக் காத்திருந்தவர். இரண்டாமவரின் மனத்தில் எதிரணிக்கும் ஓர் இடம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் வடக்கின் பெரும் சமரை எண்ணிப் பாருங்கள். இரண்டில் எந்தக் கல்லூரி கிரிக்கெட்டை விட்டுவிட்டாலும் மற்றதற்கு அந்த நாள் இல்லாமல் போகும்.

மலையகத்தைப் பொறுத்தவரை என்னை அதிகம் உறுத்துகிற மறுப்பு வேறொன்று. நாட்சம்பளத்துக்கு ஆண்டுக்கணக்கில் போராடும் மக்கள், காணியுரிமை இன்னும் முழுமையாகக் கைக்கு வராத மக்கள், ஒரு கிண்ணத்துக்காக ஏங்குவது கவனத்தைத் திருப்பும் மயக்கம் ஆகாதா? கிண்ணத்தைக் கொடுத்துப் படமெடுத்துக்கொண்டு வாக்கைக் கேட்கிறவர்கள் இருக்கும்வரை இந்த ஐயம் நியாயமானது. ஆனால் இந்த மக்கள் இதுவரை எவற்றுக்காகக் காத்திருந்தார்கள் என்று பார்க்க வேண்டும். 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையைப் பறித்தது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கில் எடுத்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பங்கிட்டது. பங்கிடப்பட்டவர்களின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. இந்தக் காத்திருப்புகள் எல்லாவற்றிலும் முடிவு வேறு எங்கோ, யாருடைய மேசையிலோ இருந்தது. காத்திருந்தவர்களிடமிருந்து அது மறைக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். ஆட்டத்துக்கான காத்திருப்பில் முடிவு எந்த மேசையிலும் இல்லை. அது இன்னும் பிறக்கவில்லை. பிறக்கும்போது இந்த மண்ணின் பிள்ளைகளின் கையில், எல்லோரும் பார்க்கப் பிறக்கும். அப்படிக் காத்திருந்து பழகிய மக்கள், மற்றக் காத்திருப்புகளிலும் முடிவு தங்கள் கண்ணெதிரே ஆக வேண்டும் என்று கேட்பார்கள் என்றுதான் நான் எதிர்பார்க்கிறேன். சாமியையே முடிவின் சொந்தக்காரராக்கி வெற்றியைக் கெஞ்சுவது, அந்த ஒரே திறந்த இடத்திலும் இன்னொரு மேசையைக் கொண்டுவந்து போடுவதாகும். மாரியம்மனை நேசிக்கிறவர்கள் அவளை அந்த நாற்காலியில் உட்கார வைக்கக் கூடாது.

அப்படியானால் தேங்காயே உடைக்க வேண்டாமா? உடைக்கலாம். எதைக் கேட்பது என்பதற்கு முன்னோரின் வழக்கமே வழிகாட்டுகிறது. கவ்வாத்து வெட்டத் தொடங்கும்போது கவ்வாத்துச் சாமியையும், தொழிற்சாலைச் சக்கரத்தை நினைத்து ரோதைமுனியையும் கும்பிட்டவர்கள், கத்தி காலில் படக் கூடாது, சக்கரம் கையை இழுக்கக் கூடாது என்று காவலைத்தான் வேண்டினார்கள். வேலையைத் தாங்களே செய்தார்கள். ஆட்டத்துக்கு முன் கேட்கத் தகுந்ததும் அதுதான்: இரு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் அடிபடாமல் இருக்கட்டும், மழை விடட்டும். அத்தனையும் எதிர்த் தோட்டத்தாரும் கேட்கக்கூடியவை.

இவ்வளவு நல்லதை இந்தக் காத்திருப்பில் காண்கிற நான், அது யாருக்குக் கிடைக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்து, தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டுகிறவர்களுக்கு மைதானத்து ஓரத்தில் நிற்க நேரம் கிடைப்பது அரிது. தன் மகன் ஆடுவதைக்கூட அடுத்தவர் சொல்லித்தான் பல தாய்மார் அறிகிறார்கள். மகள் வலைப்பந்தாட்டத்தில் வலய மட்டத்துக்குப் போகும்போது பிரட்டுக்களத்தில் அந்தப் பேச்சு எழுவதும் குறைவு. ஆட்ட நாளில் அடுப்படியை ஆண்கள் பார்த்துக்கொள்ளட்டும். இறுதி ஆட்டத்தைக் கொழுந்து நிறுத்து முடிந்த பிறகோ வேலையில்லாத நாளிலோ வைக்கட்டும். மகளின் ஆட்டத்துக்கும் அதே கூட்டம் போய் நிற்கட்டும்.