விடுமுறையின் கடைசி நாட்கள்



பள்ளிக்கூட விடுமுறை வந்துவிட்டால் நம்மவரில் பலர் மனைவி மக்களுடன் லூமுட்டுக்கு வருகின்றனர். ஈப்போவிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர்தான். படகேறினால் பங்கோர் தீவு. தாயகத்திலிருந்து லீவுக்கு வந்த உறவினரைக் கொண்டுவந்து, அவர்கள் ஊர் திரும்புமுன் கடைசி இரண்டு மூன்று நாட்களை இக்கடற்கரையில் கழிக்கச் செய்வோரும் உண்டு. கடற்காற்று வாங்குவதும், குழந்தை குட்டிகளை மகிழ்விப்பதும் மார்க்கம் தடுத்த காரியங்களல்ல. பூமியில் சுற்றிப் பார்த்துப் படிப்பினை பெறுமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் ஏவுகின்றது.

ஆயினும் ஒன்று கவனிக்கற்பாலது. பிரயாணத்தின் முதல் நாள் நாம் இருக்கும் நிலை வேறு. கடைசி நாள் இருக்கும் நிலை வேறு. முதல் நாள் பள்ளிவாசல் எங்கேயென்று விசாரித்து ஜமாஅத்துக்குச் சென்றவர், கடைசி நாள் கடைத்தெருவிலேயே அஸரையும் மஃரிபையும் விட்டுவிடுகிறார். முதல் நாள் கேட்ட விலையைக் கொடுத்தவர், பணப்பை மெலிந்த கடைசி நாளில், கருவாடும் நெத்திலியும் விற்கும் ஏழையிடம் ஒரு வெள்ளிக்காக அரைமணி நேரம் வாதாடுகிறார். அறையைக் கூட்டித் துடைத்த ஊழியனுக்கு ஒரு நல்ல வார்த்தைகூடச் சொல்லாமல் வண்டியேறுகிறார். "நாளைக்கு யார் நம்மைப் பார்க்கப் போகிறார்கள்?" என்ற எண்ணமே இதற்குக் காரணம். பார்ப்பவன் அல்லாஹ் அல்லவா? அவன் ஈப்போவில் ஒருவனாகவும் லூமுட்டில் ஒருவனாகவும் இருப்பதில்லையே!

அமல்கள் அவற்றின் முடிவைக் கொண்டே கணிக்கப்படும் என்பது நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் போதனை. ஹஜ்ஜைப் பாருங்கள். மக்காவை விட்டுப் புறப்படும் ஹாஜி கடைசியாகச் செய்ய வேண்டியது தவாபுல் விதாஃ. ஷாபிஈ, ஹனபி ஆகிய இரு மத்ஹபுகளிலும் அது வாஜிபாகும். மாதவிடாய் கண்ட பெண்களுக்கு மட்டும் சலுகையுண்டு. கடைசி நினைவு கடைவீதியாக இராமல் கஅபாவாக இருக்க வேண்டும் என்பதல்லவா அதன் கருத்து!

ஓர் ஊரில் கடைசி நாட்களை எப்படிக் கழிப்பது என்பதற்கு மற்றுமோர் உதாரணம் ஹிஜ்ரத்தாகும். கி.பி. 622-ல் குறைஷிகள் நபியவர்களைக் கொல்லத் திட்டமிட்டிருந்தனர். அந்த மக்கா மக்களின் அமானிதப் பொருட்கள் அப்போதும் நபியவர்களிடத்திலேயே இருந்தன. உயிருக்கு ஆபத்தான அவ்வேளையிலும் ஹஜ்ரத் அலி ரலியல்லாஹு அன்ஹு அவர்களை மக்காவில் நிறுத்தி, அவரவர் பொருளை அவரவரிடம் ஒப்படைக்கச் செய்தார்கள். ஹஜ்ரத் அலி அவர்கள் மூன்று நாட்கள் தங்கி அக்கடமையை முடித்த பின்னரே மதீனா புறப்பட்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். விரோதியின் பொருளுக்கே அவ்வளவு மரியாதை என்றால், நமக்குச் சோறு போட்டவனின் பாக்கிக்கு எவ்வளவு மரியாதை வேண்டும்!

நாம் நிற்கும் இந்த மண்ணுக்கும் அப்படி ஒரு சரித்திரம் உண்டு. 1874-ம் வருஷப் பங்கோர் ஒப்பந்தத்தின் வழியே ஆங்கிலேயர் கைக்குப் போன டிண்டிங்ஸ் பகுதியில் லூமுட்டும் அடங்கும். 1935-ல் அது பேராக்கிடமே திரும்ப வந்தது. அரசாங்கங்களே வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் நாள் வருகிறதென்றால், நம் கைப்பொருள் எம்மாத்திரம்?

தொழுகையின் சட்டத்தையும் அறிந்து கொள்ள வேண்டும். பிரயாணத் தூரமும் மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால் கஸ்ர் செய்யும் சலுகை முஸாபிருக்கு உண்டு. ஆனால் ஓரிடத்தில், வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக, நான்கு நாட்கள் தங்க நிய்யத் செய்தால் ஷாபிஈ மத்ஹபில் பூரணமாகத் தொழ வேண்டும். ஹனபி மத்ஹபில் அந்தக் கணக்கு 15 நாட்கள். சலுகை என்பது தொழுகையைச் சுருக்கத்தான், விட்டுவிட அல்ல. சந்தேகமிருப்பின் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுத் தெளிக. உறவினர் வீட்டில் தங்கியிருப்போர் இன்னொன்றையும் நினைவில் வைக்கவும்: விருந்தோம்பல் மூன்று நாட்கள், வீட்டுக்காரருக்குச் சங்கடம் உண்டாகும்வரை தங்குவது விருந்தாளிக்குத் தகாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்றுண்டு. நீங்கள் இங்கே கடலைப் பார்த்துக் கொண்டிருக்கும்போது, அங்கே உங்கள் கடையைத் திறந்து கல்லாவைக் காத்துக் கொண்டிருப்பவர் யார்? இரண்டு வருஷம், மூன்று வருஷம் தம் பிள்ளைகளின் முகத்தைக் காணாத இராமநாதபுரத்துச் சிப்பந்தியல்லவா? உங்கள் பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் வாங்கும் அந்தக் கடைசி மாலையில், அவருடைய பிள்ளையையும் ஒரு நிமிஷம் எண்ணுங்கள். கூலியை வியர்வை உலருமுன் கொடுக்கும்படி நபியவர்கள் ஏவினார்கள். அவருக்கு நிலுவைச் சம்பளம் இருக்குமானால் திரும்பியதும் முதல் வேலையாகத் தீருங்கள். அவர் ஊர் சென்று வருவதற்கும் ஒரு தேதி குறியுங்கள். உங்களுக்கு வந்த விடுமுறை அவருக்கும் வரட்டும்.

பிரயாணம் எப்போது எப்படி முடியும் என்பதை எவரும் அறியார். நம் முன்னோர் நாகப்பட்டினத்திலும் பினாங்கிலும் 'ரஜூலா' கப்பலேறுமுன் கொடுக்கல் வாங்கலைத் தீர்த்து, உற்றாரிடம் பிழை பொறுக்கச் சொல்லிப் புறப்படுவர். அது வெறும் சம்பிரதாயமன்று. 1985 பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து சென்னை நோக்கிச் சென்ற 'எம்.வி. சிதம்பரம்' நடுக்கடலில் தீப்பற்றி எரிந்தது. ஊர் போய்ச் சேரும் ஆசையோடு ஏறியவர்களில் பலர் கரை காணவில்லை.

ஆகவே, சகோதரர்களே! மூட்டை கட்டுமுன் கணக்கைக் கட்டுங்கள். அறை வாடகை, உணவுக்கடைப் பாக்கி, இரவல் வாங்கிய பொருள், மனம் நோகப் பேசிய சொல் ஆகிய நான்கையும் தீர்த்துவிட்டே படியிறங்குங்கள். கொடுக்க வேண்டியவர் மலாய்க்காரரோ, சீனரோ, தமிழரோ, எவராயினும் ஹக்கு ஹக்குதான். அடியானின் உரிமையை அந்த அடியானே மன்னித்தாலன்றி அது தீராது என்பது உலமாக்கள் நமக்குக் கற்பித்த பாடம்.

இந்த உலகமும் நமக்கு ஒரு வெளியூரே. நாம் இதில் முஸாபிர்கள். லீவு எத்தனை நாளென்று நமக்குச் சொல்லப்படவில்லை. எந்த நாளும் கடைசி நாளாக இருக்கலாமென்று எண்ணி நடப்பவனே புத்திசாலி.

வல்ல ரஹ்மான் நம் பிரயாணங்களையும் அவற்றின் முடிவுகளையும் அழகாக்கி வைப்பானாக! ஆமீன்.